வாட்ச்மேன் சுகமாக இருக்கிறான்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குச் சோப்புக்காரி என்று பெயர். அவள் கணவனுக்குப் படக்காரன் என்று பெயர். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் இருவருக்கும் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை கதவில் ஒட்டிய அட்டையோடு சரி. யார் வந்து கேட்டாலும், "சோப்புக்காரி குளிர் அறையில இருக்கா, படக்காரன் மைக்ரோஸ்கோப்புல இருக்கான்" என்றுதான் பதில் வரும்.

குளிர் அறை என்பது ஆள் உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய ஒரு பெரிய ஃபிரிட்ஜ். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அவள் கம்பளிச் சட்டையும் காதை மூடிய குல்லாவுமாக அதற்குள் போய் நிற்பாள். மூக்கு நுனி சிவந்து போகும். விரல்கள் மரத்துப் போனால் அக்குளில் செருகிக்கொண்டு இரண்டு குதி குதிப்பாள். அப்புறம் மறுபடி வேலை.

அந்த வேலை, ஒரு புரோட்டீனை அது குடியிருக்கும் சுவரிலிருந்து உயிரோடு பெயர்த்து எடுப்பது. நோயைக் கொடுக்கும் ஒரு பாக்டீரியா. அதைச் சுற்றி எண்ணெய்ப் பசையால் ஆன மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வுக்குள் வாசலோடு வாசலாகப் பதிந்து நிற்கிறது இந்தப் புரோட்டீன். மருந்து உள்ளே நுழைந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். எத்தனை மாத்திரை விழுங்கினாலும் நோயாளிக்குக் குணமாகாததற்கு அதுதான் காரணம். அதனால் ஆய்வகத்தில் எல்லோரும் அதை வாட்ச்மேன் என்றே கூப்பிட்டார்கள். அவன் முகம் எப்படி, கை எங்கே, எந்தப் பக்கம் அசந்திருப்பான் என்று ஒரு படம் கிடைத்துவிட்டால், அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே போகிற மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அவனை வெளியே கூட்டி வருவது அவள் பாடு. படம் எடுப்பது கணவன் பாடு.

கூட்டி வருவது லேசுப்பட்ட காரியம் அல்ல. வாட்ச்மேனுக்குத் தலையும் காலும் தண்ணீரில் இருந்து பழகியவை. நடு உடம்போ எண்ணெயைத் தவிர வேறொன்றும் அறியாதது. சவ்வை விட்டு வெளியே இழுத்தால், தண்ணீர் பட்டதும் நடு உடம்பு வெலவெலத்துப் போகும். பக்கத்தில் நிற்பவனைக் கட்டிப்பிடிக்கும். அவன் இன்னொருவனைக் கட்டிப்பிடிப்பான். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து சோதனைக் குழாயின் அடியில் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடப்பார்கள். அதற்காகத்தான் சோப்பு. சோப்பு ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும் அல்லவா? சவ்வைக் கரைத்து, வாட்ச்மேனின் நடு உடம்பைச் சுற்றிப் போர்வை போலப் போர்த்தி அழைத்து வந்துவிடும். ஆனால் காரமான சோப்பு என்றால் சவ்வோடு சேர்த்து வாட்ச்மேனையும் கிழித்துவிடும். சாதுவான சோப்பு என்றால் அவன் வாசலை விட்டு நகரவே மாட்டேன் என்பான்.

அவள் போட்டுப் பார்க்காத சோப்பு இல்லை. அலமாரி முழுக்கப் புட்டிகள். "பேசாம ஒரு சலவைக் கடை வெச்சிடு" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள். ஒரு நாள், தண்ணீரைப் பிடிக்கும் கை சர்க்கரையால் ஆன ஒரு சோப்பு கைகொடுத்தது. வாட்ச்மேன் கரைந்து வந்தான், கட்டியாகவில்லை. அளவு வாரியாகப் பிரிக்கும் நீண்ட கண்ணாடிக் குழாய் வழியாக அவனை விட்டபோது, கம்ப்யூட்டர் திரையில் கோடு சமதளத்தில் ஓடி, ஒரே இடத்தில் செங்குத்தாக எழும்பி, அழகாக இறங்கியது. ஒரே ஒரு சிகரம். பக்கத்தில் மேடு பள்ளம் எதுவும் கிடையாது. நல்ல புரோட்டீனுக்கு அதுதான் லட்சணம். அன்று அவள் குல்லாவைக் கழற்றி மேலே எறிந்தாள். அது விளக்கில் மாட்டிக்கொண்டது.

கணவனிடம் கொடுத்தாள். அவன் படம் எடுத்தான். படத்தில் வாட்ச்மேனைக் காணோம்.

"பொடிப்பொடியா இருக்கு. உடைஞ்சு போச்சு" என்றான்.

"உடையலை. கோட்டைப் பாரு, ஒரே சிகரமா எவ்வளவு நேரா எழும்புதுன்னு."

"கோடு நேரா இருந்து என்ன பண்றது? படத்துல ஆளைக் காணோமே."

"நீ உறைய வைக்கும்போது நசுக்கியிருப்ப."

வினை அங்கே ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அவள் புதிதாக எடுத்துக் கொடுப்பாள். அவன் படம் எடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். உன் புரோட்டீன்தான் சரியில்லை என்பான் அவன். உன் கைதான் சரியில்லை என்பாள் அவள். ஆய்வகத்தில் விட்டதை பஸ்ஸில் தொடர்ந்தார்கள். பஸ்ஸில் விட்டதைச் சாப்பாட்டு மேஜையில் தொடர்ந்தார்கள்.

சாப்பாட்டு மேஜையில் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தாள். கணவனின் அக்கா; அவளுக்கு நாத்தனார். கை கால் பிடிப்பு எடுக்கும் பிசியோதெரபிஸ்ட். தன் வீட்டில் கூரை ஒழுகிப் பழுது பார்க்கிறார்கள் என்று தற்காலிகமாக இங்கே வந்து தங்கியவள். முதல் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு ராத்திரி கரண்டியைத் தட்டில் டங்கென்று போட்டாள்.

"எனக்கு ஒண்ணு தெரியணும். யாரு அந்த வாட்ச்மேன்? அவன் செத்தானா இருக்கானா? செத்திருந்தா நாளைக்கே எல்லாருமா அழுது முடிச்சிடலாம். இப்படித் தினமும் சோத்துல பொணத்தைப் போட்டு இழுக்காதீங்க."

"அக்கா, அது புரோட்டீன்."

"என்ன கருமமோ. இந்த மேஜையில இனி யாராவது வாட்ச்மேன்னு வாயைத் திறந்தா, அன்னிக்கு அவங்கதான் பாத்திரம் கழுவணும்."

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் மயான அமைதியானது. அது சண்டையைவிட மோசம். கோபம் வந்தால் அவள் கணவனை 'நீங்க' என்று கூப்பிடுவாள். அந்த நாட்களில் "தண்ணி எடுத்துக் குடுங்க", "விளக்கை அணைச்சிடுங்க" என்று வீடே மரியாதையில் மிதந்தது.

ஆய்வகத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே அடுத்தவர் பேசுவதைக் கேட்கிறவர். கடைசியில் ஒரு வரி சொல்வார், அது பத்து நாள் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த வாரக் கூட்டத்தில் கணவன் திரையில் படங்களைப் போட்டான். சாம்பல் நிறத்தில் தூசு தூசாக ஏதோ தெரிந்தது. அவள் தன் கோட்டைப் போட்டுக் காட்டினாள். மேடம் இரண்டையும் பார்த்தார்.

"இன்னும் ஒரு தடவை மைக்ரோஸ்கோப் கெடைக்கும். அதுலயும் இப்படித்தான் வந்தா, இதை மூட்டை கட்டிடலாம். உங்க ரெண்டு பேரையும் வேற வேற வேலையில போடறேன். உங்களுக்கும் அதுதான் நல்லது" என்றார்.

'உங்களுக்கும்' என்று அவர் சொன்ன விதத்தில், சுவர்களுக்கும் காது இருக்கிறது, பஸ்ஸுக்கும் இருக்கிறது என்று தெரிந்தது.

நடைக்கூடத்தில் கணவன் அவள் கூடவே வந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். "நான் சொன்னா உனக்குக் கோபம் வரும். ஆனா யாராவது சொல்லித்தானே ஆகணும். அவன் செத்துட்டான். சவ்வை விட்டு வெளிய வந்த அன்னிக்கே செத்துட்டான். நீதான் ஒத்துக்க மாட்டேங்குற."

அவள் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவன் சொன்னது அவளுக்குப் புதிதல்ல. தூக்கம் வராதபோதெல்லாம் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான். ஒருவேளை அந்த நேரான கோடு பொய்யோ? நான் இத்தனை காலமும் பிணத்துக்குத்தான் போர்வை போர்த்திக்கொண்டிருந்தேனோ? முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். துடைத்தாள். வெளியே வந்து கணவனிடம் சொன்னாள்:

"இந்தத் தடவை நீங்க படம் எடுக்கும்போது நான் பக்கத்துல உக்காருவேன்."

அவன் ஆச்சரியப்பட்டான். அவள் அதுவரை மைக்ரோஸ்கோப் அறைக்குள் வந்ததே இல்லை. வந்தால் சண்டை வரும் என்று வரவில்லை. அவனும் குளிர் அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு, ஒரே புரோட்டீனைப் பற்றிப் பேசிக்கொண்டு, ஒருவர் வேலையை ஒருவர் கண்ணால் பார்க்காமலே காலம் ஓடியிருந்தது.

மைக்ரோஸ்கோப் கூரையைத் தொடும் உயரத்தில், ஜன்னல் இல்லாத அறையில், ஒரு பீரோவைப் போல நின்றது. அதற்கு வெளியே ஒரு மேஜை, பெரிய திரை, இரண்டு நாற்காலி. கணவன் முதலில் ஒரு சொட்டு எடுத்து, மிளகளவு வட்டமான செப்பு வலைத் தட்டில் வைத்து, உறிஞ்சு தாளால் ஒற்றி, கண் இமைக்கும் நேரத்தில் கடுங்குளிர்க் கிண்ணத்தில் முக்கினான். தண்ணீர் பனிக்கட்டியாகக்கூட நேரம் கிடைக்காமல் கண்ணாடி போல உறைந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே நிற்பார்கள். அவன் விரல்கள் அவ்வளவு பதமாக நகர்வதை அவள் பார்த்தாள். இந்தக் கையா நசுக்கும்? தான் சொன்னதை நினைத்து உள்ளுக்குள் கூசியது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல அப்போது மனம் வரவில்லை.

படம் வந்தது. சாம்பல் மைதானம். அதில் தூசு.

"பாத்தியா?" என்றான் அவன். அதில் வெற்றி எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னும் பெருசா காட்டுங்க."

காட்டினான். அவள் திரையில் மூக்கு படும் தூரத்துக்குப் போனாள். தூசு என்று தூரத்திலிருந்து பார்த்தது, கிட்டத்தில் குட்டிக் குட்டி மோதிரங்கள். ஓரம் கறுத்து நடுவில் வெளுத்து, எங்கு பார்த்தாலும் அதே மோதிரம்.

"எல்லாம் ஒரே அளவா இருக்கே" என்றாள்.

"சரி?"

"ஒரு பானை கீழ விழுந்து உடைஞ்சா, ஓடு எல்லாம் ஒரே அளவாவா இருக்கும்? ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா, ஒண்ணு கோணலா இல்ல இருக்கும்? இது என்ன, அச்சுல வார்த்த மாதிரி உருண்டையா?"

அவன் குனிந்து பார்த்தான். இன்னொரு இடத்துக்குப் படத்தை நகர்த்தினான். அங்கேயும் அதே. அவன் மறுத்துப் பேசாதது அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

"எனக்கு ஒரு சந்தேகம். எங்கயும் போயிடாத" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து ஓடினாள். 'நீங்க' எப்போது கழன்று விழுந்தது என்று அவளே கவனிக்கவில்லை.

குளிர் அறையில் போய்ச் சோப்புத் தண்ணீரை மட்டும் எடுத்தாள். வாட்ச்மேனைப் போடவில்லை. படம் எடுக்க வேண்டுமென்றால் புரோட்டீன் செறிவாக இருக்க வேண்டும். அதற்காக அவள் வழக்கமாக அதை ஒரு நுண்ணிய வடிகட்டியில் ஊற்றிச் சுழல வைப்பாள். தண்ணீர் கீழே இறங்கும், புரோட்டீன் மேலே தங்கும். அந்த நேரான கோடு எல்லாம் இந்தச் சுழற்றலுக்கு முன்னால் எடுத்தது. இப்போது வெறும் சோப்புத் தண்ணீரை அதே வடிகட்டியில், அதே போலச் சுழற்றிச் சுண்ட வைத்தாள்.

கணவன் அதையும் உறைய வைத்தான். திரையில் போட்டான்.

அதே மோதிரங்கள். அச்சு அசலாக அதே கூட்டம்.

விஷயம் இதுதான்: சோப்பு அளவுக்கு மிஞ்சினால், போர்த்த ஆள் கிடைக்காதபோது, தன்னைத் தானே உருட்டிக்கொண்டு உருண்டையாகிவிடும். உள்ளே ஆளில்லாத வெறும் போர்வை உருண்டை. தண்ணீர் மட்டும் இறங்கிப் போகும் என்று அவள் நம்பிய வடிகட்டியில் இந்த உருண்டைகளும் இறங்காமல் தங்கி, சுண்டச் சுண்டப் பெருகியிருக்கின்றன. வாட்ச்மேன் உடைந்து போகவில்லை. சந்தைக் கூட்டத்தில் தொலைந்த ஆள் மாதிரி, எங்கோ நடுவில் நின்றுகொண்டிருக்கிறான்.

அடுத்து கணவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். வடிகட்டி அவளுடையது. சோப்பு அவளுடையது. 'அப்போ தப்பு உன் பக்கம்தானே' என்று கேட்பான். கேட்டால் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். கண்கள் விரிந்திருந்தன. "அப்போ அவன் உயிரோட இருக்கானா?" என்றான்.

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவனோ எழுந்து அந்தச் சின்ன அறையில் இப்படியும் அப்படியும் நடந்தான். "உயிரோட இருக்கான்! இத்தனை நாளா செத்துட்டான் செத்துட்டான்னு சொல்லிட்டே இருந்திருக்கேன். ராத்திரி படுத்தா எனக்கு என்ன தோணும் தெரியுமா? இவ்வளவு பாடுபட்டு எடுத்துக் குடுக்கறா, நான்தான் கொன்னுட்டேனோன்னு தோணும். அதைச் சொல்ல வாய் வராம, உன் மேல பழியைப் போட்டேன்."

"எனக்கும் அதே பயம்தான்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "செத்ததைத்தான் உன்கிட்ட குடுக்கறேனோன்னு. உன் கை நல்ல கைடா. நசுக்கறன்னு சொன்னது தப்பு."

மேடத்திடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். மோதிரப் படங்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மேடம் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "சோப்பைக் கழட்டிட்டு அவனை நிக்க வெக்க முடியுமா? முடியும்னா இன்னொரு தடவை மைக்ரோஸ்கோப் வாங்கித் தரேன்" என்று மட்டும் சொன்னார். முடியும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தார்கள்.

வழி இருந்தது. சவ்வுக் கொழுப்பைக் கொஞ்சம் சேர்த்து, அதைச் சுற்றி இடுப்புப் பட்டை போலக் கட்டிக்கொள்ளும் இன்னொரு புரோட்டீனையும் சேர்த்து, பிறகு சோப்பை உறிஞ்சும் சிறு மணிகளைப் போட வேண்டும். சோப்பு போகப் போக, வாட்ச்மேனைச் சுற்றிக் கொழுப்பு வந்து சேரும். பட்டை அதை இறுக்கிப் பிடிக்கும். சொந்த வீட்டிலிருந்து ஒரு துண்டுத் தரையைப் பெயர்த்து, அவன் அதன் மேல் நிற்க, தரையோடு தூக்கி வந்தது போல இருக்கும். அப்புறம் சோப்பே தேவையில்லை.

இந்த முறை கணவனும் குளிர் அறைக்கு வந்தான். மெல்லிய சட்டையோடு வந்து, கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடிக்க, "நீ தினமும் இதுக்குள்ளயா இருக்க?" என்று கேட்டான். அவள் தன் பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள். கை முழங்கை வரைதான் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு குழாய்களைப் பிடித்தபடி நின்றான்.

முதல் தடவை சொதப்பிவிட்டது. அவசரத்தில் மணிகளை மொத்தமாகக் கொட்டிவிட்டாள். சோப்பு ஒரேயடியாகப் போய், வாட்ச்மேன் நிற்க இடம் கிடைக்காமல், குழாய் கலங்கி, திரிந்த பால் மாதிரி ஆயிற்று. முன்பென்றால் அதற்கே பெரிய ரகளை நடந்திருக்கும். கணவன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பாப்போமா?" என்றான். அடுத்த தடவை சிட்டிகை சிட்டிகையாகப் போட்டார்கள். ஒவ்வொரு சிட்டிகைக்கும் நடுவில் நிறையக் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் என்னென்னவோ பேசினார்கள். பல நாள் பேசாத பேச்சு பாக்கி இருந்தது. குழாய் கடைசிவரை தெளிந்த தண்ணீராகவே இருந்தது.

கோடு நேராக எழும்பியது. ஒரே சிகரம். இந்த முறை அவள் குல்லாவை எறியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மைக்ரோஸ்கோப் அறைக்கு நடந்தாள்.

திரையில் சாம்பல் மைதானம் சுத்தமாக இருந்தது. பெருக்கித் துடைத்த தரை போல. அதில் அங்கங்கே, ஒருவரை ஒருவர் இடிக்காமல், நிதானமாக, அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் பக்கவாட்டில் தெரிந்தார்கள்: நடுவில் பட்டை, மேலே தலை, கீழே கால். சிலர் உச்சியிலிருந்து தெரிந்தார்கள்: வட்டத்துக்குள் மூன்று இதழ். ஒரே புரோட்டீன்தான், எத்தனை கோணம்!

"வந்துட்டான்" என்றான் கணவன்.

அவள் திரையில் ஒரு வாட்ச்மேனை விரலால் தொட்டாள். திரையைத் தொடக்கூடாது என்று அந்த அறையில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. கணவன் தினமும் அடுத்தவர்களிடம் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறவன். இன்று அவனும் பக்கத்தில் இன்னொரு வாட்ச்மேனைத் தொட்டான்.

மேடம் வந்து பார்த்தார். நின்றுகொண்டே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பார்த்தார். "அப்பாடா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. "எத்தனை நாளா எனக்கு இது நெஞ்சுல கல்லு மாதிரி இருந்துது தெரியுமா? உங்களை வேற வேற வேலையில போடறேன்னு சொல்லிட்டு நானும் தூங்கல." எழுந்தார். "இயந்திரம் தானா படம் எடுத்துக்கும். நான் இங்க உக்காந்து பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு. இன்னிக்கு இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

கட்டடத்தை விட்டு வெளியே வந்தபோது நடுப்பகல். அந்த நேரத்தில் தெருவைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடைபாதையில் நின்றார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு ஆள் ஏணி மேல் நின்று கடைப் பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பயமோ என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் புரிந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றாள், ஏதோ நடக்காதது நடந்துவிட்டது போல.

எதிரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சூடாக என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு வரச் சொன்னார்கள். கணவன் தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆரம்பித்தான்: "அடுத்தது என்னன்னா, மருந்தைக் கையில பிடிச்சிருக்கும்போது அவன் எப்படி இருப்பான்னு ஒரு படம்..."

"நாளைக்கு" என்றாள் அவள், வாய் நிறையச் சோற்றோடு.

அவன் சிரித்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். அவள் தட்டு காலியாகிவிட்டது. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கடைக்காரர் அந்தப் பக்கம் வந்தபோது அவரை நிறுத்தினாள்.

"இதே மாதிரி இன்னொரு தட்டு" என்றாள். "அவருக்கு இல்ல. எனக்குத்தான்."